மருதம்பட்டைப் பொடியும் இரண்டாவது ஈ.சி.ஜி.யும்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் பட்டையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூலிகைக் கடை வைத்திருந்தாள். அதிலும் மருதம்பட்டைப் பொடிக்குப் பேர் போனவள். முன்பக்கம் மூன்று இரும்பு அலமாரியும் ஒரு கண்ணாடி மேசையும். பின்னால் சின்ன அறையில் அரைவை இயந்திரம். அந்த இயந்திரத்தோடு மாரடிப்பது அவள் கணவரின் வேலை. பட்டையை உடைத்து, காயவைத்து, அரைத்து, சலித்து அவர் கொடுப்பார். அவள் நூறு கிராம் பொட்டலமாகக் கட்டி, மேலே ஒரு சீட்டை ஒட்டுவாள். சீட்டில் பெரிய எழுத்தில் 'நெஞ்சு வலிக்கு' என்றும், கீழே சின்ன எழுத்தில் 'காலை மாலை ஒரு கரண்டி, வெந்நீரில்' என்றும் அச்சிட்டிருக்கும்.

கடைக்குப் பின்னால் வீடு. மாடியில் அவள் ஓரகத்தி, அதாவது கணவருடைய தம்பியின் மனைவி, குடியிருந்தாள். தம்பி லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். சின்னவள் என்று வீட்டில் பெயர் பெற்ற அந்த ஓரகத்தி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலையில் இருந்தாள். ஆக, கீழே ஒருத்தி நெஞ்சு வலிக்காரர்களுக்குப் பொட்டலம் கட்ட, மேலே இருப்பவள் அதே மாதிரி ஆட்களின் நெஞ்சில் ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக ஒரே வாசலில் போய் வருகிற இரண்டு பேருக்கும் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் சமாதானம் என்றும் சொல்ல முடியாது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் கையில் நாலைந்து காகிதத்தோடு கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, உங்க பட்டையைப் பத்திப் படிச்சேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல தேடி எடுத்தது."

பட்டையக்கா சண்டைக்குத் தயாராகி, புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"பொய்யுன்னு சொல்ல வரலை. ஆராய்ச்சி நடந்திருக்கு. அம்பது அறுபது பேரை வச்சு, சில வாரம் கொடுத்துப் பார்த்திருக்காங்க. நடக்கும்போது வர்ற வலி கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்க."

"பாத்தியா? நான் என்ன சொன்னேன்?"

"அக்கா, இருங்க. அடுத்த வரியையும் கேளுங்க. அதெல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சி. அதோட, அவங்க எல்லாரும் ஏற்கெனவே டாக்டர்கிட்ட காட்டி, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க. மாத்திரைக்கு மேல இதைக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போகாம இதை மட்டும் சாப்பிட்டா என்ன ஆகும்னு யாரும் பார்க்கலை."

அடுத்த வரி பட்டையக்காவின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. முதல் வரி மட்டும் தங்கியது. மறுநாளிலிருந்து அவள் வாடிக்கையாளர்களிடம், "ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிட்டாங்க, தைரியமா சாப்பிடுங்க" என்று சொல்லத் தொடங்கினாள். ஓரகத்தியே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவளே சொன்னாள் என்று வேறு சேர்த்துக்கொண்டாள். சொல்லும்போது அவளுக்கு அது பொய்யாகவே படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தாடை வலித்தது. இடதுபக்கக் கடைவாய்ப் பல்லின் அடியிலிருந்து காது வரைக்கும் ஏதோ இழுத்தது. பல்லுதான் என்று முடிவு கட்டி ஒரு கிராம்பை எடுத்துக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. மூட்டை தூக்கினதில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். பிறகு வயிற்றைப் புரட்டியது. வாயு என்று இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டாள். ஒரு வலிக்கு ஒரு மருந்தாக மூன்று மருந்து ஆயிற்று. மூன்றும் வேறு வேறு என்று நினைத்தாளே தவிர, மூன்றும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நெஞ்சு வலித்திருந்தால் யோசித்திருப்பாள். நெஞ்சு வலிக்கவே இல்லை.

வேலைக்குக் கிளம்பிய சின்னவள் மாடிச் சாவியைக் கொடுக்கக் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். பட்டையக்கா ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இப்படி வேர்க்குது?"

"பல்லுவலி. ராத்திரி சரியா தூங்கலை."

சின்னவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

"வலி எங்கெல்லாம் இருக்கு?"

"தாடையில. கொஞ்சம் முதுகுல. இஞ்சித் தண்ணி குடிச்சிருக்கேன், ஏப்பம் வந்தா சரியாயிடும்."

சின்னவள் வாசலுக்குப் போய் வாடகைக் காருக்குப் போன் செய்தாள். சத்தம் கேட்டுப் பட்டையக்காவின் கணவர் உள்ளறையிலிருந்து வந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் செம்மண் நிறத்தில் பட்டைப் பொடி.

"எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு அத்தான். ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாம்."

"பல்லுவலிக்கா?"

"பல்லுவலின்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க."

"கடையை யாரு பார்க்கிறது?" என்றாள் பட்டையக்கா.

"கடை எங்கேயும் ஓடிடாது. எழுந்திருங்க."

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் பக்கத்து அறையில், பச்சைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, சின்னவளே ஒயர்களை ஒட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் வேலை செய்வதை பட்டையக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்தால் இரண்டைத் தட்டிவிடுகிற கை, இங்கே தொட்ட இடம் தெரியாமல் வேலை செய்தது. இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. சின்னவள் அதை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பணியில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"இதுல ஒண்ணும் தெரியலை. நல்லாதான் இருக்கு."

பட்டையக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் சொன்னேன்ல. ஒரு கிராம்புல போகவேண்டியதுக்கு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டே." காலால் தரையைத் துழாவிச் செருப்பைத் தேடினாள்.

"ரத்தம் எடுத்திருக்காங்க. அந்த ரிசல்ட் வரட்டும். இன்னொரு தடவை ஈ.சி.ஜி. எடுக்கணும்."

"ஒருதடவை எடுத்தது போதாதா? உங்க மெஷின் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"இல்லைன்னே வச்சுக்கங்க. முதல் காகிதம் நல்லா இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு எடுக்கிறது வேற மாதிரி இருக்கும். நிறைய பார்த்திருக்கேன்." சின்னவள் செருப்பைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "அக்கா, இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் உட்காருங்க."

"கேட்டதில்லையா? போன வாரம்தான் என் இஸ்திரிப் பெட்டியை வாங்கிட்டுப் போனே. இன்னும் வரலை."

"அதைத் திருப்பித் தரணும்னா உட்காருங்க."

பட்டையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது தாடை வலித்தது. படுத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஐம்பது நிமிஷத்தில் சின்னவள் மறுபடி ஒயர்களை ஒட்டினாள். காகிதம் பாதி வெளியே வந்தபோதே அவள் கை நின்றுவிட்டது. முழுசாக வரும்வரை காத்திருந்து, கிழித்து, திரையை விலக்கிக்கொண்டு போனாள். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவள் அவள். மாடியில் நடந்தால் கீழே கடைக்குக் கேட்கும். அன்றைக்கு அவள் போன சத்தமே கேட்கவில்லை. அதிலிருந்துதான் பட்டையக்காவுக்குப் பயம் வந்தது.

அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் ஊசி குத்தினார், இன்னொருவர் பேரும் வயசும் கேட்டார். ரத்தப் பரிசோதனையிலும் இதயத் தசை அடிபட்டிருப்பது தெரிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மாரடைப்பு என்ற வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். பெண்களுக்குச் சில சமயம் இப்படித் தாடையிலும் முதுகிலும் வாந்தியிலும்தான் காட்டும் என்றார். ஒரு மாத்திரையை நீட்டி, மென்று விழுங்கச் சொன்னார்.

பட்டையக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்ன மாத்திரை இது?"

"ரத்தம் கட்டிக்காம இருக்கிறதுக்கு" என்றாள் சின்னவள். "அக்கா, இதோட பூர்வீகமும் ஒரு மரத்துப் பட்டைதான். வில்லோன்னு ஒரு மரம். அதுல இருந்த சரக்கைப் பிடிச்சு, மாத்தி, இவ்வளவுதான்னு அளந்து செஞ்சிருக்காங்க. நம்ம சரக்குன்னு நினைச்சு மெல்லுங்க."

மென்றாள். புளித்தது.

மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு, அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து, உள்ளே ஸ்டென்ட் என்கிற ஒரு வலைக்குழாயை வைத்தார்கள். விழித்துக்கொண்டே இருந்தாள். திரையில் தன் இதயத்தின் குழாய்கள் வேர் மாதிரி கறுப்பாகப் பிரிந்து போவதைப் பார்த்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வார்டில் கொண்டுவந்து விட்டபோது தாடை வலி இருந்த இடம் தெரியவில்லை.

மறுநாள் காலை இதய மருத்துவர் வந்தார். சின்னவள் வயசுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "வேற என்னென்ன சாப்பிடுறீங்க? டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும் இல்லை, எல்லாம் சொல்லுங்க" என்றார்.

பட்டையக்கா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"தினம் பச்சைப் பூண்டு நாலு பல்லு. மருதம்பட்டைப் பொடி, ஞாபகம் வந்தா. அதிமதுரம்."

"அதிமதுரம் எதுக்கு?"

"கடையில தூசி. தொண்டை கட்டிக்கும். ஒரு துண்டு வாயில இருந்துக்கிட்டே இருக்கும்."

"எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்கு ரத்த அழுத்தம் அதிகமா இருக்கு. இதுக்கு முன்னாடி யாராவது சொன்னாங்களா?"

"பார்த்ததே இல்லை."

"அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டா அழுத்தம் ஏறும். உடம்புல பொட்டாசியம் குறையும். இது நல்லாவே நிரூபணமான விஷயம். அதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா இன்னையோட நிறுத்திடுங்க." பிறகு பூண்டைப் பற்றிச் சொன்னார்: அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, சமையலில் போடுவதில் தப்பில்லை, ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க இப்போது கொடுக்கிற மாத்திரைகளோடு பச்சையாக அவ்வளவு வேண்டாம், ரத்தக் கசிவு வரலாம்.

"மருதம்பட்டை?" என்று பட்டையக்காவே கேட்டாள். தன் பிள்ளையின் மார்க்கைக் கேட்கிற குரலாக இருந்தது அது.

"அதுல ஏதோ இருக்கலாம். அதைத் தள்ளிவிடுற ஆள் இல்லை நான். ஆனா இதுவரைக்கும் நடந்த ஆய்வெல்லாம் சின்னது. ஆயிரக்கணக்கான பேருக்கு வருஷக்கணக்கா கொடுத்து, மாரடைப்பு குறையுதா, உயிர் பிழைக்கிறாங்களான்னு பார்த்தால்தான் சொல்ல முடியும். அதை யாரும் பண்ணலை. உங்க புது மாத்திரைகளோட அது எப்படி ஒத்துப்போகும்னும் தெரியாது. அதனால வேண்டாம்." எழுந்துகொண்டே சொன்னார்: "பொடியால செத்தவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பொடியைச் சாப்பிட்டுக்கிட்டு, பார்க்கலாம் பார்க்கலாம்னு நாளைக் கடத்தி வந்தவங்களைத்தான் பார்க்கிறேன்."

அவர் போனபிறகு பட்டையக்கா விரல் விட்டு எதையோ எண்ணினாள். சின்னவள் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. கடைசியில், "கடையில மேசை டிராயர்ல பச்சை அட்டை போட்ட நோட்டு இருக்கும். அதைக் கொண்டு வா. போன் நம்பர் எழுதி வச்சிருக்கேன்" என்றாள்.

"எதுக்கு? ஓய்வெடுங்க."

"அந்தப் பொடியை மட்டும் நம்பிக்கிட்டு நாலு பேர் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு நாலு. கொண்டு வா."

சின்னவள் அன்று சாயங்காலமே கொண்டுவந்தாள்.

முதலில் டியூஷன் டீச்சர். அவர் ஏற்கெனவே டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொடியையும் சேர்த்துச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவார் என்று பயம். சொல்லிவிடுகிறேன் என்றார்.

இரண்டாவது தையல்காரர். "ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

"பாதியைத்தான் சொன்னேன். மீதியை இப்பச் சொல்றேன். நாளைக்கு எங்க சின்னவள் வேலையில இருப்பா. வந்து காட்டுங்க."

"பள்ளிக்கூடச் சீருடை முப்பது சோடி கையில இருக்குக்கா. அடுத்த வாரம் பார்க்கலாம்."

"அடுத்த வாரம்னு சொல்லாதீங்க" என்றாள். அவள் குரல் உடைந்ததைக் கேட்டோ என்னவோ, வருகிறேன் என்றார்.

மூன்றாவது பள்ளிக்கூடக் காவலாளி. அவர் மகள்தான் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நான்காவது பூட்டுக்காரர். பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. தோளில் ஒரு தோல்பையோடு வருவார். ஐந்தாறு மாதம் முன்பு முதல் பொட்டலம் வாங்கியபோது அவர் கேட்டது அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, டாக்டரிடம் போகட்டுமா என்றார். ஒரு மாதம் இதைச் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் போகலாம் என்று இவள் சொன்னாள்.

போனை அவர் மனைவி எடுத்தாள்.

"அவர் இல்லைங்க. போன மாசம் தவறிட்டார். நெஞ்சு வலி. ஒரு வீட்டுல பூட்டைக் கழட்டிக்கிட்டு இருந்திருக்கார், அங்கேயே."

பட்டையக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தான் யார் என்று மட்டும் சொன்னாள்.

"தெரியுங்க. பொடிக் கடை. அன்னைக்குக் காலையில கூட குடிச்சிட்டுத்தான் போனார்."

அந்த அம்மாள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பட்டையக்காவுக்கு இருந்தது. போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சின்னவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் அப்பவே சொன்னேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பட்டையக்கா ஆயுசுக்கும் அவளுக்குக் கடன்பட்டது அந்த ஒன்றுக்காகத்தான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது வாரம் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். முதல் வேலையாக மருதம்பட்டைப் பொட்டலங்களை எல்லாம் மேசையில் கொட்டி, 'நெஞ்சு வலிக்கு' என்ற சீட்டை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

கணவர் வந்து நின்று பார்த்தார். "பொடி என்ன பாவம் பண்ணுச்சு?"

"பொடி ஒண்ணும் பண்ணலை. நாமதான் பண்ணினோம்."

"கடைக்காரியே ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்திருக்கான்னு ஏற்கெனவே ஊரே பேசுது. இப்ப சீட்டையும் கிழிச்சா யாரு வாங்குவா?"

"வாங்குறவங்க வாங்கட்டும். மருதம்பட்டைப் பொடின்னு மட்டும் எழுதுவேன். எதுக்குன்னு எழுதமாட்டேன்."

அதோடு நிற்கவில்லை. ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதிக் கண்ணாடி மேசையின் நடுவில் ஒட்டினாள். 'நடந்தால் வரும் நெஞ்சு வலி, காரணம் தெரியாத தாடை வலி, கை வலி, முதுகு வலி, குளிர்ந்த வியர்வை: இதற்கெல்லாம் இங்கே மருந்து கேட்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.'

"கடை வச்சிருக்கிறது விக்கிறதுக்கா, விரட்டுறதுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர், இரண்டு நாள் இயந்திரத்தைப் போடவில்லை. அவளும் கெஞ்சவில்லை. மூன்றாம் நாள் இயந்திரச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். திப்பிலி அரைத்துக்கொண்டிருந்தார். அவளைத் திரும்பிப் பார்க்காமலே, "எனக்கும் ஒருதடவை பி.பி. பார்க்கச் சொல்லு உன் ஓரகத்திகிட்ட" என்றார். பார்த்ததில் அவருக்கு ஒன்றும் இல்லை. அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தையல்காரர் சொன்னபடி போயிருந்தார். ஓடவைத்து, ரத்தம் எடுத்து, எல்லாச் சோதனையும் செய்ததில் அவர் இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வயிற்றுப் புண்தான் என்று தெரிந்தது. கடைக்கு வந்து, ஒரு நாள் முழுக்க வேலை கெட்டது, இளைஞர்கள் மாதிரி அந்த டிரெட்மில் மெஷினில் ஓடவிட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

காவலாளிக்கு மூன்று இடத்தில் அடைப்பு. அறுவை சிகிச்சை நடந்து பிழைத்துக்கொண்டார் என்று சின்னவள் வந்து சொன்னாள். அவர் மகள் ஒருநாள் கடைக்கு எதிரே போனாள். பட்டையக்கா எழுந்து நின்றாள். அந்தப் பெண் இவளைப் பார்த்தாள், நிற்காமல் போய்விட்டாள். அப்பா பிழைத்தது இவள் போன் செய்ததால். அது வரைக்கும் வந்ததும் இவளால்தான். அந்தப் பெண் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பாள் என்று பட்டையக்கா நினைத்துக்கொண்டாள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் மாதம், நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னபிறகு, அவள் பூட்டுக்காரர் வீட்டுக்குப் போனாள். சின்னவள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டாள்.

அடுக்குமாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். இந்தப் படிகளைச் சொல்லித்தானே அவர் கேட்டார் என்ற நினைப்பு இரண்டாவது மாடியில் வந்தது. அங்கே கொஞ்சம் அதிகமாக நின்றாள்.

பூட்டுக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். ஒல்லியான அம்மாள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு நூலால் கட்டியிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். சுவரோரம் பெட்டிகளில் சாவிகள் கம்பியில் கோத்துக் கிடந்தன. விற்கவும் மனசில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை என்றாள்.

பட்டையக்கா தயார் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அவர் என்கிட்ட கேட்டார்" என்று தொடங்கினாள். "டாக்டர்கிட்ட போகட்டுமான்னு கேட்டார். ஒரு மாசம் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு."

அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எங்கிட்டயும் சொன்னார். இந்தப் பொட்டலம் முடியட்டும், அப்புறம் போறேன்னார். முடிஞ்சதும் இன்னொண்ணு வாங்கிட்டு வந்தார். அவருக்கு ஆஸ்பத்திரின்னா பயம். நீங்க போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பாரோ என்னவோ."

"போயிருக்கலாம்."

"ஆமா. போயிருக்கலாம்." அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மேல கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லமாட்டேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு. என் மேலயும் இருக்கு. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்ல நானும்."

பட்டையக்கா தலையை ஆட்டினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் கேட்டால் அந்த அம்மாள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. கேட்கவில்லை. இருவரும் அவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். எந்தப் பூட்டையும் உடைக்காமல் திறப்பார் என்று அந்த அம்மாள் சொன்னாள். வாடிக்கையாளர் சாவியைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கும்போது, முதலில் சட்டைப்பையை மறுபடி பார்க்கச் சொல்வாராம். பாதிப் பேருக்கு அங்கேயே இருக்குமாம். கூலி போனாலும் அதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

கிளம்பி வாசலுக்கு வந்தபோது அந்த அம்மாள் கேட்டாள். "உங்களுக்கு இப்ப உடம்பு எப்படி?"

"பரவாயில்லை. படி ஏறினா மூச்சு வாங்குது."

"இறங்குறதுக்கும் பார்த்துத்தான் இறங்கணும். இரண்டாவது மாடியில விளக்கு எரியாது."

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பட்டையக்காவின் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.